படைகள் கடலில் "நடக்கும்" பிழை: வரலாற்று வியூக விளையாட்டுகளில் கப்பல் போக்குவரத்தையும் தரையிறக்கத்தையும் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

வரலாற்று வியூக விளையாட்டு உருவாக்குகிறவர்களும் மாட் (இருக்கும் விளையாட்டை மாற்றும் துணை நிரல்) எழுதுகிறவர்களும் தரைப்போர் விதிகளை மாதக்கணக்கில் செதுக்குகிறார்கள். கடல் மட்டும் கடைசி வாரத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. வரைபடத்தில் நீல நிறத்தில் இன்னொரு வகை நிலம், அதில் படகு உருவம் போட்ட டிவிஷன் (பெரிய படைப்பிரிவு). விளையாட ஆரம்பித்த அரை மணி நேரத்தில் யாரோ ஒருவர் ஆறு டிவிஷனோடு லண்டனில் இறங்கிவிடுவார். பிறகு "தரையிறக்கத்துக்கு 50 சதவீதத் தண்டனை" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு எந்தத் தரையிறக்கமும் வெற்றி பெறாது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் போக, முதலில் ஒரு கணக்கு மனத்தில் பதிய வேண்டும். ஒரு கப்பல் எத்தனை கிலோமீட்டர் போகிறது என்பதைவிட, ஒரு வேலைக்காக அது எத்தனை நாள் கட்டுண்டு கிடக்கிறது என்பதே முக்கியம். கீழே உள்ள திருத்தங்களில் பெரும்பாலானவை இதிலிருந்து வந்தவை.

அளவுகள்: ஒரு டர்ன் (ஆட்டச் சுற்று) ஒரு வாரம், ஒரு அறுகோணக் கட்டம் 40 கி.மீ., ஒரு யூனிட் ஒரு டிவிஷன், காலம் 1939–45. உங்கள் அளவு வேறாக இருந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். வரலாற்றில் நடந்ததை நடந்ததாகவே சொல்கிறோம். "விதி எண்" என்று வரும் இடமெல்லாம் விளையாட்டு ஓடுவதற்காக வைத்த எண். அதை நீங்கள் திருகிப் பார்க்கலாம்.

எதையும் திருத்தும் முன்: ஒரு சோதனை வரைபடம்

முழு காட்சியில் பிழை தேடாதீர்கள். ஒரு நட்புத் துறைமுகம், 2,000 கி.மீ. வெறும் கடல், எதிரே ஆளில்லாத ஒரு துறைமுகமும் ஒரு மணல் கரையும், ஒரே ஒரு டிவிஷன். இவ்வளவு போதும். ஒவ்வொரு டர்ன் முடிவிலும் கப்பல் டன்னேஜை ஆறு நிலைகளாகப் பிரித்து லாக்கில் எழுத வையுங்கள்: சும்மா நிற்பது, ஏற்றுவது, பயணத்தில் இருப்பது, இறக்குவது, வெறுமையாகத் திரும்புவது, பழுதில் இருப்பது. ஆறையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். மூழ்கியதைத் தனியாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

கூட்டுத்தொகை உதைத்தால் மற்ற விதிகளைத் தொடாதீர்கள், முதலில் இதைத்தான் சரிசெய்ய வேண்டும். பிழை பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கும். ஒன்று, கப்பல் மூழ்கியபின் அதிலிருந்த டிவிஷன் "ஏற்றப்பட்டது" என்ற நிலையிலேயே தங்கிவிடுவது. மற்றொன்று, பாதி இறக்கியிருக்கும்போது சேவ் செய்து மறுபடி திறந்தால் கப்பல் முழுச் சரக்கோடு எழுந்து நிற்பது.

அறிகுறி: கட்டளை கொடுத்த அதே டர்னில் படை அக்கரையில் நிற்கிறது

கடலை ஒரு நிலவகையாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பிழை வந்தவுடன் எல்லோரும் செய்வது கடல் வேகத்தைக் குறைப்பது. அது தவறான திருத்தம், ஏனென்றால் கடலில் வேகம் உண்மையிலேயே அதிகம். 10 நாட் (மணிக்கு 18.5 கி.மீ.) வேகத்தில் ஊர்ந்துபோகும் கான்வாய்கூட, அதாவது காவலோடு போகும் கப்பல் கூட்டம்கூட, நாளொன்றுக்கு ஏறக்குறைய 444 கி.மீ. போகும். வாரத்துக்கு 3,100 கி.மீ., அதாவது 77 கட்டம். தரையில் எந்த டிவிஷனும் அதன் பக்கத்தில்கூட வராது. நேரம் செலவாவது துறையில்.

2,000 கி.மீ. சோதனையைக் கணக்கிடுவோம். ஏற்ற 5 நாள், போக நாலரை, இறக்க 5, திரும்ப நாலரை. மொத்தம் 19 நாள், டர்ன் கணக்கில் 3. இப்போது தூரத்தை இரட்டிப்பாக்கி 4,000 கி.மீ. என்று வையுங்கள். போக 9, வர 9, ஏற்ற இறக்க 10, மொத்தம் 28 நாள், 4 டர்ன். தூரம் இரு மடங்காகியும் ஒரு டர்ன்தான் கூடியது. மறுபடி பழைய 2,000 கி.மீ.க்கே வந்து, அக்கரைத் துறைமுகத்தில் நெரிசல், இறக்க 5-க்குப் பதில் 15 நாள் ஆகிறது என்று வையுங்கள். 29 நாள். பத்து நாள் நெரிசல், 2,000 கி.மீ. கூடுதல் பயணத்தைவிட அதிகமாகக் கப்பலைத் தின்கிறது. இந்த மூன்று வரிகளும் உங்கள் இன்ஜினில் இதே விடைகளைத் தர வேண்டும். தராவிட்டால் கப்பலின் நிலைகளை இன்னும் சரியாகப் பிரிக்கவில்லை என்று அர்த்தம்.

சப்ளைக்கான கப்பலையும் இதே குளத்திலிருந்துதான் (மொத்தக் கப்பல் கையிருப்பிலிருந்துதான்) எடுக்க வேண்டும். வடமேற்கு ஐரோப்பாவில் நேச நாட்டு டிவிஷன் ஒன்றுக்கு, அதன் பின்னணிப் பிரிவுகளையும் சேர்த்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 டன் வேண்டும் என்று திட்டமிட்டார்கள். 650 என்று எடுத்தால் வாரத்துக்கு 4,550 டன். 3 டர்ன் சுழற்சி என்றால், அந்த ஒரு டிவிஷனுக்குப் பின்னால் 13,650 டன் கொள்ளளவு நிரந்தரமாகக் கட்டுண்டு கிடக்கும். படையை அனுப்புவது ஒருநாள் செலவு, வைத்துக் காப்பாற்றுவது தினச் செலவு. இந்த எண்ணை ஆட்டக்காரர் பார்க்கும்படி திரையில் காட்டுங்கள். கண்ணில் பட்டால்தான் தரையிறங்கும் முன் யோசிப்பார்கள்.

அடுத்து, ஏற்றுமுறை. துறைமுகத்தில் இறங்கப்போகும் கப்பலையும் சண்டைக்கு நடுவே கரையில் இறங்கப்போகும் கப்பலையும் ஒரே மாதிரி ஏற்ற முடியாது. கப்பலின் சரக்கறையை மேல்மூடி வழியாக எட்டிப் பாருங்கள். கடைசியாக ஏற்றியதுதான் மேலே இருக்கும், முதலில் இறங்குவதும் அதுவே. இடத்தை மிச்சப்படுத்தி ஏற்றினால் கனமான குண்டுப் பெட்டிகள் அடியில், அதன்மேல் மாவு மூட்டை, அதன்மேல் கூடாரத் துணி என்று அடைபடும். பீரங்கி ஒரு கப்பலில், அதை இழுக்கும் குதிரை இன்னொன்றில் போகும். துறைமுகத்தில் இதனால் தொல்லை இல்லை. குண்டு விழும் கரையில் முதலில் இறங்குவது கூடாரத் துணியாக இருந்தால் ஆட்கள் சாவார்கள்.

1915-ல் துருக்கியின் கலிப்போலிக்குப் போன கப்பல்கள் பல இப்படித்தான் ஏற்றப்பட்டு லெம்னோஸ் தீவு வரை வந்தன. அவற்றை அலெக்சாந்திரியாவுக்குத் திருப்பி அனுப்பி, இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. மார்ச் 18-ல் கடற்படைத் தாக்குதல் முறிந்ததற்கும் ஏப்ரல் 25-ல் தரையிறங்கியதற்கும் இடையே 38 நாள். அந்த இடைவெளியில் துருக்கியப் படை கரையைப் பலப்படுத்திக்கொண்டது.

விதி எண்: சண்டை ஏற்றம் இரு மடங்கு கொள்ளளவு எடுக்கும், ஒரு டர்ன் கூடுதல். சாதாரணமாக ஏற்றிய படைக்குத் துறைமுகத்தில் மட்டுமே இறங்க அனுமதி. கடலில் இருக்கும்போது ஒரு வகையை மற்றதாக மாற்றக் கூடாது. மாற்ற வேண்டுமானால் துறைமுகத்துக்குத் திரும்பட்டும்.

அறிகுறி: சரக்குக் கப்பல் இருந்தாலே எங்கும் தரையிறங்க முடிகிறது

தரையிறங்கு கலங்களுக்குத் தனிக் குளம் இல்லை என்பதுதான் காரணம். லிபர்ட்டி வகைச் சரக்குக் கப்பல் ஏறத்தாழ 10,000 டன் சுமக்கும், ஆனால் கரையில் மூக்கை வைக்க முடியாது. அதற்கென்றே செய்யப்பட்ட எல்.எஸ்.டி. சுமார் 100 மீட்டர் நீளம். முன்கதவைத் திறந்து டாங்கிகளை நேரே மணலில் இறக்கும். 36 அடி நீளமுள்ள சிறு தரையிறங்கு படகான எல்.சி.வி.பி. 36 வீரர்களைக் கொண்டுபோகும். இரண்டாம் உலகப் போர் முழுவதும் சரக்குக் கப்பல் தட்டுப்பாடும் தரையிறங்கு கலத் தட்டுப்பாடும் வெவ்வேறாகவே இருந்தன. நார்மண்டியோடு ஒரே நேரத்தில் நடத்த நினைத்த தென் பிரான்ஸ் தரையிறக்கம் 1944 ஆகஸ்ட் 15-க்குத் தள்ளிப்போனதற்கு எல்.எஸ்.டி. பற்றாக்குறை முக்கியக் காரணம்.

ஆகவே இரண்டு குளம் வையுங்கள்: ஒன்று சரக்குக் கப்பலுக்கு, மற்றொன்று தரையிறங்கு கலத்துக்கு. சண்டைத் தரையிறக்கத்துக்கு இரண்டும் தேவை, துறைமுகத்தில் இறங்க முதலாவது போதும். விதி எண்: ஒவ்வொரு எதிர்ப்புத் தரையிறக்கத்திலும் கலங்களில் 10 முதல் 15 சதவீதம் இழப்பு அல்லது பழுது, மீதி இரண்டு டர்ன் கரைக்குச் சப்ளை இழுப்பதிலேயே மாட்டிக்கொள்ளும். "ஒரு கரையில் இறங்கி மறுவாரமே அடுத்த கரையில்" என்ற சங்கிலி ஓட்டம் இத்தோடு நிற்கும்.

1940-ல் இங்கிலாந்துமேல் படையெடுக்க ஜெர்மனி 2,000-க்கும் மேற்பட்ட ஆற்றுப் படகுகளைச் சேர்த்தது. பல படகுகளுக்குச் சொந்த இன்ஜினே கிடையாது, இழுத்துத்தான் போக வேண்டும். இதைக் காட்சியில் கொண்டுவர நினைப்பவர்கள் அவற்றைக் கலமாக எண்ணுங்கள், ஆனால் ஒரு குறுங்கடல் கட்டத்துக்கு மேல் போக விடாதீர்கள். கூடவே, ஆற்றில் ஓட வேண்டிய படகைக் கடலுக்கு எடுத்தால் உள்நாட்டு உற்பத்தி குறையும் என்ற விலையையும் வையுங்கள். ஜப்பானுக்கும் இதே விதி பொருந்தும். ஏறத்தாழ 60 லட்சம் டன் வணிகக் கப்பலோடு போரைத் தொடங்கிய நாடு, பாதிக்கும் மேல் தரைப்படைக்கும் கடற்படைக்கும் கொடுத்துவிட்டது. மிச்சத்தில்தான் தாதும் எண்ணெயும் அரிசியும் வர வேண்டியிருந்தது.

அறிகுறி: எந்தத் தரையிறக்கமும் வெல்வதில்லை

சண்டைச் சூத்திரத்தில் பெருக்கல் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். ஆற்றைக் கடக்கும் விதி பாதியாக்கும், கரை விதி இன்னொரு பாதியாக்கும், சப்ளை இல்லாத விதி மேலும் பாதியாக்கும். மூன்றும் சேர்ந்தால் எட்டில் ஒன்று. தனித்தனியாக எழுதும்போது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரிந்திருக்கும். பெருக்குவதை விட்டுவிட்டு, சண்டை முடிவைச் சொல்லும் அட்டவணையில் நிரல் நகர்த்தும் முறைக்கு மாறுங்கள். கரை இரண்டு நிரல் பின்னால், கோட்டை இன்னொன்று பின்னால், கடற்படைப் பீரங்கி இரண்டு நிரல் முன்னால். எந்த நிலையிலும் மொத்த நகர்வு மூன்றைத் தாண்டக் கூடாது.

கப்பல் பீரங்கி உங்கள் விளையாட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலவற்றில் இல்லை. 16 அங்குலப் பீரங்கியே 38 கி.மீ. அளவுக்குத்தான் எட்டும். 40 கி.மீ. கட்டத்தில் அதன் உதவி கரைக் கட்டத்துக்கு மட்டும், உள்ளே ஒரு கட்டம்கூடப் போகக் கூடாது. 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலெர்னோவில் ஜெர்மன் எதிர்த்தாக்குதல் கரையை நெருங்கியபோது அதைத் தடுத்ததில் கப்பல் பீரங்கிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இறங்கிய நேச நாட்டுப் படை உள்நாட்டில் நகர்ந்த பிறகு அந்த உதவி இல்லை. 1942 ஆகஸ்ட் 19-ல் பிரெஞ்சுத் துறைமுகமான தியெப்பில் டிஸ்ட்ராயரைவிட (வேகமான சிறு போர்க்கப்பல்) பெரிய போர்க்கப்பலே கொண்டுவரவில்லை. சுமார் 5,000 கனடியர் போனார்கள், 907 பேர் இறந்தார்கள். பிடிபட்டவர்களையும் காயமடைந்தவர்களையும் சேர்த்து இழப்பு 3,300-ஐத் தாண்டியது.

முன்கூட்டியே நாள்கணக்கில் குண்டு வீசினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எழுதிவிடாதீர்கள். ஒரு டர்ன் குண்டுவீச்சு கோட்டையை ஒரு படி இறக்கட்டும். ஆனால் அந்தக் கட்டத்தின் பெயர் எதிரிக்குத் தெரிந்துவிடும், அவர் ரயிலில் ஒரு டிவிஷனைக் கொண்டுவரலாம். தீவுகளில் இந்த விலை இல்லை, ஏனென்றால் கொண்டுவர ரயிலும் இல்லை, படையும் இல்லை. ஜப்பானியத் தீவான ஐவோ ஜீமாவில் அமெரிக்க மரைன்கள் 10 நாள் குண்டுவீச்சு கேட்டார்கள், கிடைத்தது 3 நாள். நார்மண்டியில் ஒமாஹா கரைக்கு முக்கால் மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை, காரணம் திடீர்த் தாக்குதலாக இருக்க வேண்டும் என்பது. பின்னணியில் ரிசர்வ் இருக்கிறதா, அது எத்தனை நாளில் வரும் என்பதைப் பொறுத்து ஆட்டக்காரரே முடிவு செய்யட்டும்.

இன்னும் தோல்வியே வருகிறதா? எதிராளி எல்லாக் கரைக் கட்டத்திலும் இலவசக் காவல்படை வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அதை எடுத்துவிடுங்கள். தாக்குபவர் இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் கடல்வழித் தாக்குதலின் முழுப் பலம்.

அறிகுறி: எல்லாக் கரையும் ஒரே கரை

இங்கே கொஞ்சம் நின்று வேலை செய்யுங்கள், செய்த உழைப்புக்குப் பலன் அதிகம். ஒவ்வொரு கரைக் கட்டத்துக்கும் நான்கு விவரங்கள் போதும்: அடித்தளம் என்ன (மணல், கூழாங்கல், சேறு, பவளப்பாறை), ஏற்றவற்ற உயரம் எவ்வளவு, உள்ளே போக வழி எத்தனை, எந்த மாதங்களில் அலை மூடிவிடும்.

பவளப்பாறை என்றால் பசிபிக்கின் தராவா. 1943 நவம்பர் 20, பேட்டியோ தீவு. சரக்கு ஏற்றிய எல்.சி.வி.பி. மிதக்க மூன்றரை அடிக்கு மேல் தண்ணீர் வேண்டும். அன்று நிலவு அரை வட்டம், கடல் ஏற்றம் குறைவாக இருக்கும் நாட்கள். பாறைத் திட்டின்மேல் தேவையான தண்ணீர் வரவேயில்லை. திட்டின்மேல் ஊர்ந்து ஏறக்கூடிய சங்கிலிப்பட்டை வண்டிகள் 125 இருந்தன, முதல் அலைகள் அதில் போய்ச் சேர்ந்தன. பின்னால் வந்த படகுகள் திட்டின் விளிம்பில் தட்டி நின்றன. கதவு இறங்கியது. ஆட்கள் மார்பளவு தண்ணீரில், துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, நேர் எதிரே இயந்திரத் துப்பாக்கி சுட, அரை கிலோமீட்டருக்கு நடந்தார்கள். 76 மணி நேரத்தில் 1,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். விதி: பாறைக் கரையில் சங்கிலிப்பட்டை வண்டி இருக்கும் பங்குக்கு மட்டும் முழு பலம், மற்றவை ஒரு அலை தாமதமாக, பாதி பலத்தோடு.

சேறு என்றால் மோரிப். மலாயாவை மீட்க இந்தியத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்ட படை 1945 செப்டம்பர் 9-ல் அங்கே இறங்கியது. ஜப்பான் சரணடைந்துவிட்டதால் ஒரு குண்டும் பாயவில்லை, ஆனாலும் வண்டிகள் இளகிய தரையில் புதைந்து நின்றன. எதிர்ப்பு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கணக்கிட நல்ல காட்சி இது. தியெப்பின் கூழாங்கல் டாங்கிகளின் சங்கிலிப்பட்டையைச் சிக்கவைத்ததும் இதே இனம்.

ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும் கரைக்கு நாள்காட்டி வேண்டும். கொரியாவின் இஞ்சோனில் வித்தியாசம் ஏறத்தாழ 9 மீட்டர். 1950 செப்டம்பர் 15-ல் வோல்மி தீவைக் காலை ஏற்றத்தில் பிடித்தார்கள், நகரக் கரைக்கு மாலை ஏற்றம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தரைதட்டிய எல்.எஸ்.டி. கப்பல்கள் இரவு முழுக்கச் சேற்றில் நின்றன. பெரும் ஏற்றம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வார டர்னில் இதை எழுதுவது எளிது. 5 மீட்டருக்கு மேல் ஏற்றவற்றம் உள்ள கரையில் ஒன்றுவிட்டு ஒரு டர்னில் மட்டும் தரையிறக்கம். அந்த டர்னில் வானிலைப் பகடை எதிராக விழுந்தால் இரண்டு டர்ன் காத்திருப்பு. கப்பலில் அடைபட்ட ஒவ்வொரு டர்னுக்கும் தயார்நிலை 5 சதவீதம் குறையும் (விதி எண்).

நார்மண்டிக்கு 1944 ஜூன் 5 முதல் 7 வரைதான் நிலவும் ஓதமும் ஒத்துவந்தன. 5-ம் தேதி வானிலையால் போனது, 6-ல் இறங்கினார்கள். தவறவிட்டிருந்தால் அடுத்த வாய்ப்பு 18-ஐ ஒட்டி, 19-ல் தொடங்கியதோ நான்கு நாள் புயல். ஆட்டக்காரர் முன்னால் இதே பகடையை வைத்தால் அந்த முடிவின் கனம் புரியும். அலை உயரத்தையும் விடாதீர்கள். ஒமாஹாவுக்கு வெளியே ஒரு டாங்கி பட்டாலியன் 29 நீந்தும் டாங்கிகளைக் கடலில் விட்டது, 27 மூழ்கின.

அறிகுறி: தரையிறங்கிய படை மறுநாளே 200 கி.மீ. பாய்கிறது

இறங்கியது ஆட்கள் மட்டும்தான், அவர்களுக்குப் பின்னால் வர வேண்டியவை இன்னும் கப்பலில் இருக்கின்றன. 1944 ஜனவரி 22-ல் இத்தாலியின் அன்சியோவில் முதல் நாளிலேயே ஏறத்தாழ 36,000 பேரும் 3,000-க்கும் மேற்பட்ட வண்டிகளும் பெரிய எதிர்ப்பின்றி இறங்கின. அப்படியும் கரையை விட்டு ஓடிவிடவில்லை. ஓடியிருக்க வேண்டுமா என்ற சர்ச்சை இன்றுவரை தீரவில்லை. உங்கள் விதி அந்த இரண்டு தெரிவையும் விலையோடு அனுமதிக்க வேண்டும். கரையில் 7 நாள் சப்ளை சேரும்வரை உள்ளே நகர்ந்தால் பாதி வேகம், எதிர்த்தாக்குதல் வந்தால் பீரங்கி பலம் பூஜ்யம்.

மணலில் சரக்கு குவிவதையும் கணக்கில் எடுங்கள். 1942 ஆகஸ்ட் 7-ல் பசிபிக்கின் குவாடல்கனால் தீவில் எதிர்ப்பே இல்லாத கரையில், சரக்கைத் தூக்கி உள்ளே வைக்க ஆட்கள் போதாமல் படகுகள் வரிசையில் காத்திருந்தன. இரண்டு நாளில், சாவோ தீவுச் சண்டைக்குப் பிறகு, பாதி இறக்கிய நிலையிலேயே கப்பல்கள் விலகிப் போயின. விதி: கரைப் பொறியாளர் யூனிட் இல்லாத கரையில் இறக்கும் வேகம் பாதி. தனி யூனிட்டாக இதை வைத்தால் ஆட்டக்காரர் ஒரு சண்டை யூனிட்டுக்குப் பதில் இதை ஏற்ற வேண்டிய கட்டாயம் வரும், வர வேண்டும்.

அறிகுறி: துறைமுகம் பிடித்த மறுவாரமே முழு சப்ளை

இது ஒரே வரியில் தீரும் பிழை. பிடிபடும் துறைமுகத்தின் கொள்ளளவை 0 ஆக்கி, டர்னுக்கு 10 முதல் 15 சதவீதம் மீட்பு கொடுங்கள். பிரான்சின் ஷெர்போர்க் 1944 ஜூன் இறுதியில் விழுந்தது. முதல் சரக்கு ஜூலை நடுவில்தான் இறங்கியது, அவ்வளவு கண்ணிவெடியும் இடிபாடும். தற்காவலருக்கு இடிக்க நேரம் கிடைக்காமல் பிடித்தால் 60 சதவீதத்தில் தொடங்கலாம்.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்புக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி. 1944 செப்டம்பர் 4-ல் துறைமுகம் ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது. ஆனால் கடலுக்குப் போகும் ஷெல்ட் முகத்துவாரத்தின் இரு கரையும் ஜெர்மானியர் கையில். முதல் கான்வாய் வந்தது நவம்பர் 28, அதாவது 85 நாள் கழித்து. துறைமுகக் கட்டத்திலிருந்து திறந்த கடல் வரையுள்ள ஒவ்வொரு நீர்க் கட்டத்தின் இரு கரையும் உங்களுடையதா என்று சப்ளைப் பாதைத் தேடல் பார்க்க வேண்டும். பெரும்பாலான இன்ஜின்கள் தண்ணீர் இருக்கிறதா என்பதோடு நின்றுவிடுகின்றன.

அறிகுறி: நீண்ட பயணம் போகும் கான்வாய் எல்லாமே அழிகிறது

கட்டத்துக்குக் கட்டம் பகடை உருட்டுகிறீர்கள். ஒரு கட்டத்தில் 5 சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தெரியும். 40 கட்டம் போனால் ஒருமுறையாவது மாட்டும் வாய்ப்பு 87 சதவீதம். கட்டத்தின் அளவைப் பாதியாக்கி வரைபடத்தைப் பெரிதாக்கினால் அதே பயணம் 98 சதவீதத்தைத் தாண்டும். வரைபட அளவு மாறினால் போரின் முடிவு மாறக் கூடாது. கடலை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள்.

அந்தச் சோதனையையும் மூன்றாக உடையுங்கள்: கண்டுபிடித்தல், காவல் கப்பலோடு மோதல், சரக்குக் கப்பல் இழப்பு. முதல் படிக்கு எதிரி விமானத் தூரமும் இரவா பகலா என்பதும் போதும். 1943 மார்ச்சில் பிஸ்மார்க் கடலில் பகலில் விமானங்களிடம் மாட்டிய ஜப்பானியக் கான்வாயின் 8 போக்குவரத்துக் கப்பலும் போயின, 8 டிஸ்ட்ராயரில் 4 போயின. 1942 ஆகஸ்டில் மால்டாவுக்குப் புறப்பட்ட 14 வணிகக் கப்பலில் 5 போய்ச் சேர்ந்தன, அந்த ஐந்தே தீவைக் காப்பாற்றப் போதுமாயிருந்தது. இரவில் விரைந்து வந்து விடியும் முன் ஓடிவிட்ட ஜப்பானியரின் குவாடல்கனால் டிஸ்ட்ராயர்களோ பெரும்பாலும் தப்பின. மூன்று முடிவையும் ஒரே அட்டவணை தர வேண்டும். தரவில்லை என்றால் இழப்புப் படியின் பரவல் குறுகலாக இருக்கிறது.

"திரும்பிப் போ" என்ற முடிவு கட்டாயம் வேண்டும். 1941 மே மாதம் கிரேக்கத் தீவான கிரீட்டுக்குச் சிறு படகுகளில் போன ஏறத்தாழ 2,300 ஜெர்மன் வீரர்களின் தொடர் இரவில் மறிக்கப்பட்டுச் சிதறியது. செத்தவர் எண்ணிக்கை எவ்வளவு என்பதைத் தாண்டி, அந்தப் படை சண்டைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் தீவுப் போரைப் பாதித்தது.

மூழ்கும் கப்பலில் ஆளும் பொருளும் ஒரே விகிதத்தில் போவதில்லை. பிஸ்மார்க் கடலில் 6,900 பேரில் சுமார் 1,200 பேர் போக வேண்டிய லே நகரை (நியூ கினி) அடைந்தார்கள், இன்னும் பலரை மீட்டுப் புறப்பட்ட ரபவுலுக்கே கொண்டுபோனார்கள். கனரகத் தளவாடம் முழுக்கக் கடலுக்கடியில். விதி எண்: கப்பல் மூழ்கினால் ஆட்களில் பாதி மிஞ்சும், பீரங்கியும் வண்டியும் எதுவும் மிஞ்சாது.

போர்க்கப்பலில் படை ஏற்றும் விதிக்கும் இதுவே அளவு. 1940 ஏப்ரலில் நார்வேயின் நார்விக்குக்கு 10 ஜெர்மன் டிஸ்ட்ராயர்கள் ஆளுக்கு 200 என்ற கணக்கில் மலைப்படை வீரர்களைக் கொண்டுபோயின. ஆட்கள் இறங்கினார்கள். எரிபொருள் நிரப்பிக் கிளம்பும் முன் மாட்டிய பத்துக் கப்பலும் 10, 13 தேதிச் சண்டைகளில் அழிந்தன. ஒரு டிஸ்ட்ராயருக்கு 150 முதல் 200 பேர், கனரகம் எதுவும் கூடாது, ஏற்றியிருக்கும்போது சண்டை பலம் பாதி.

அறிகுறி: பாய்மரக் காலக் காட்சியில் கப்பற்படை வருடம் முழுக்கக் கடலிலேயே திரிகிறது

இங்கே வரம்பு தண்ணீரும் காற்றும். துடுப்புக் கப்பலில் ஆளுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் 200 பேருக்கு நாளொன்றுக்கு 800 லிட்டர். ஒரு வாரத்துக்கே ஐந்தரை டன் ஆகிவிடுகிறது. குதிரை ஏற்றினால் ஒன்றுக்கு 30 லிட்டருக்குக் குறையாது. ஆகவே 3 அல்லது 4 நாளுக்கு ஒருமுறை கரை தொட வேண்டும் என்று எழுதுங்கள், துடுப்புக் கப்பல் கரையோரமாகவே போவது தானாக நடக்கும். காற்றுக்கான காத்திருப்பையும் டர்னாகவே கணக்கிடுங்கள். 1066-ல் வில்லியம் காற்றுக்காகக் காத்துக் கிடந்து செப்டம்பர் 28-ல் பெவன்சியில் இறங்கினார். அதற்குள் ஹரால்டு வடக்கே வேறொரு படையெடுப்பைச் சந்திக்கப் போயிருந்தார்.

வங்கக் கடலில் பருவக்காற்றுதான் நாள்காட்டி. 1025-ஐ ஒட்டிய ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைக் காட்சியாக்குகிறவர்கள் மெய்க்கீர்த்தியில் வரும் ஊர்ப்பட்டியலை அப்படியே "பிடிக்க வேண்டிய நகரங்கள்" ஆக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சோழ ஆட்டக்காரர் பத்தாண்டு சுமத்ராவில் காவல்படை வைத்திருப்பார். வரலாற்றில் அப்படி ஒரு நிலையான ஆட்சி நடந்ததாகத் தெரியவில்லை. காற்று திரும்பும்வரை ஒரு பருவம் தங்கலாம், கொள்ளையும் சிறைபிடித்த மன்னனும் புள்ளியாகும், அடுத்த பருவத்தில் திரும்பாவிட்டால் கப்பல்கள் தேயும் என்று வைத்தால் சரியாக வரும். 1281-ல் ஜப்பானுக்குப் போன மங்கோலியப் படைக்கும் இதே நாள்காட்டி உதவும். கொரியாவிலிருந்தும் தென் சீனத்திலிருந்தும் வந்த இரண்டு தொடர்கள் சேரத் தாமதமாகி, ஆகஸ்ட் சூறாவளி வரை கரையோரமே கிடந்தன.

அறிகுறி: கணினி எதிராளி ஒவ்வொரு டிவிஷனாக அனுப்பிக் கொண்டேயிருக்கிறது

ஒவ்வொரு யூனிட்டும் தனக்கு எது நல்ல இலக்கு என்று தனித்தனியாக முடிவு செய்கிறது. தரையிறக்கத்துக்கு யூனிட் அளவில் யோசிப்பதை அடைத்துவிட்டு, "திட்டம்" என்று ஒரு பொருளை உருவாக்குங்கள். அதில் இலக்குக் கரை, அங்கிருந்து 4 டர்னுக்குள் பிடிக்கக்கூடிய துறைமுகம், தேவையான இரண்டு வகைக் கப்பல், காவல் கப்பல், தேதி ஆகியவை இருக்கட்டும். எல்லாம் நிறைந்தால் மட்டுமே ஏற்றத் தொடங்க வேண்டும். தேதிக்கு முன் கப்பல் 20 சதவீதம் குறைந்தால் திட்டம் ரத்து. பிடிக்கக்கூடிய துறைமுகம் இல்லாத கரையைத் திட்டத்துக்குள்ளேயே சேர்க்காதீர்கள். முட்டாள்தனமான தரையிறக்கங்களில் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் நிற்கும்.

திருத்தம் முடிந்ததும் 1942 குவாடல்கனால் காட்சியை இரு பக்கமும் கணினியே ஆட, 20 முறை ஓட்டுங்கள். ஜப்பானியப் பக்கம் மெதுவான கப்பலில் பீரங்கியை அனுப்புவதா, வேகமான டிஸ்ட்ராயரில் ஆட்களை மட்டும் அனுப்புவதா என்று தத்தளிக்கிறதா, லாக்கில் பாருங்கள். அந்த நவம்பரில் 11 போக்குவரத்துக் கப்பல் கிளம்பின, 4 மட்டும் கரையில் மோதி நிறுத்தப்பட்டன. 20 ஓட்டத்தில் ஒருமுறைகூட ஜப்பான் மெதுவான கப்பலை அனுப்பும் அந்தப் பந்தயத்தைக் கட்டவில்லை என்றால் டிஸ்ட்ராயர் ஏற்ற வரம்பு தாராளமாக இருக்கிறது. ஆட்களை 150-க்கு இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.